பாணருக்குப் போட்ட பலகை

கச்சேரி மேடையில் கடவுளுக்கு என்று ஓர் இடம் உண்டு. ஓரமாக ஒரு முக்காலி, அதன்மேல் கதம்பம் சாத்திய படம் அல்லது ஒன்றரை அடி வெண்கல நடராசர், பக்கத்தில் குத்துவிளக்கு. பாட வருகிறவர் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்காருவார். அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் நடராசர் பார்ப்பது பாடகரின் தோள்பட்டையைத்தான். பாட்டெல்லாம் அவரைப் பற்றி, பார்வையெல்லாம் எங்கள்மேல்.

என் தாய்மாமா கேட்கும்வரை இதில் கேள்வி எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. அவர் மாயவரம் பக்கத்தில் ஒரு பாடல் பெற்ற தலத்தில் ஓதுவார். சிறுவயதிலேயே ஓர் ஆதீனத்தின் தேவாரப் பாடசாலையில் விடப்பட்டு, பண்ணோடு பதிகங்களை நெட்டுருப் போட்டு வளர்ந்தவர். கோயிலில் எந்தப் பக்கம் பார்த்துப் பாடுவது என்ற சந்தேகமே ஓதுவாருக்கு வராது. அபிஷேகம் முடிந்து, அலங்காரம் முடிந்து, தீபாராதனை ஆனதும், உபசாரங்களில் ஒன்றாகத் திருமுறைக்கு ஒரு முறை வரும். மகாமண்டபத்தில் நின்று, கருவறையைப் பார்த்து, கைகூப்பிக்கொண்டு ஒரு பாட்டு. கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பாட்டு நடக்கும். மாமாவின் கோயிலில் பெரும்பாலும் ஆள் இருக்காது.

அவரை மேடையில் உட்கார்த்தி எங்கள் பக்கம் திருப்பியது சென்னையின் ராஜா அண்ணாமலை மன்றம்.

எங்கள் வீடு தம்புச் செட்டித் தெருவில், காளிகாம்பாள் கோயிலிலிருந்து நாலு வீடு தள்ளி, மாடிப்படி இடுக்கில் ஒரு ஒண்டிக்குடித்தனம். அப்பா ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடையில் கணக்கு எழுதினார். பிற்பாடு எனக்கு வேலை கிடைத்ததும் பெரிய தபாலாபீசில்தான். ஆக, என் வாழ்க்கையின் பெரும்பகுதி மன்றத்திலிருந்து நடக்கிற தூரத்துக்குள்ளேயே கழிந்துவிட்டது. மயிலாப்பூர்க்காரர்களுக்கு சபாக்கள் வரிசையாக உண்டு. வடக்கே கடைத்தெரு மனிதர்களான எங்களுக்கு இருந்தது இது ஒன்றுதான். அதனால் அதை எங்கள் வீட்டுக் கூடம் மாதிரியே நினைத்துக்கொண்டோம். சாயங்காலம் கடை மூடிய கையோடு, காகிதத் தூசியும் மிளகாய் நெடியும் சட்டையில் இருக்க, அப்படியே வந்து உட்காருவார்கள். பின்வரிசையில் ஒரு மூட்டைக் கணக்குப்பிள்ளை தூங்குவார். தூங்கினாலும் ராகத்தைச் சரியாகச் சொல்வார்.

மன்றத்தின் அழகு என்று நான் சொல்வதெல்லாம் கட்டடக்கலை படித்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் முகத்தில் படுகிற அந்தக் குளிர்ந்த பழைய மர வாசனை. மேலே உயரத்தில் சுற்றுகிற மின்விசிறிகளின் முனகல், அதை ஏற்கெனவே சுருதியில் சேர்த்துக்கொண்டுவிட்ட எங்கள் காது. பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தால் துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதுவது கேட்கும். தம்புராவோடு அது என்றைக்காவது ஒத்துப்போனால் அன்று கச்சேரி நன்றாக அமையும் என்று அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேல் கலங்கரை விளக்கம் 1977 வரை எரிந்தது. கச்சேரி விட்டு வெளியே வந்தால் வானத்தில் அந்த வெளிச்சம் சுற்றிப் போவதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

இன்னொன்று, பேருந்துகள். 2002இல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை வெளியூர் வண்டிகள் எல்லாம் பாரிமுனையிலிருந்துதான் புறப்பட்டன. நிலையம் மன்றத்துக்குக் கூப்பிடு தூரம். கும்பகோணத்துக்கோ நாகர்கோவிலுக்கோ ராத்திரி வண்டி பிடிக்க வேண்டியவர்கள், இரண்டு மணி நேரத்தை எங்கே போக்குவது என்று தெரியாமல், பெட்டியோடும் பலாப்பழத்தோடும் வந்து கடைசி வரிசையில் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். நாடகம் என்றால் அவர்கள் வண்டியைத் தவறவிடுவதும் உண்டு. ஆர். எஸ். மனோகர் போன்றவர்களின் புராண நாடகங்களின் காலம் அது. திரைக்குப் பின்னால் சிவன் இடிமுழக்கத்தோடு தோன்றும்போது ஊருக்குப் போகிறவன் எப்படி எழுந்திருப்பான்?

இப்படிப்பட்ட கலப்படக் கூட்டத்துக்கு முன்னால்தான் மாமா பாடினார். எழுபதுகளில் ஒரு மார்கழி, பண் ஆராய்ச்சிக்காக. அந்த ஆராய்ச்சியை 1949 முதல் தமிழ் இசைச் சங்கம் நடத்தி வருகிறது. தேவாரத்தில் வருகிற 23 பண்களில் எது இன்றைய எந்த ராகம் என்று பேராசிரியர்களும் ஓதுவார்களும் நாகசுரக்காரர்களும் ஒரே மேடையில் பாடிக் காட்டி வாதாடுவார்கள். தக்கேசி என்றால் காம்போதி, கௌசிகம் என்றால் பைரவி, மேகராகக் குறிஞ்சி என்றால் நீலாம்பரி. பெரும்பாலானவற்றில் ஓதுவார் மரபு சொல்வதே நிலைத்தது. காலை நேரம், கூட்டம் அதிகம் இராது. மாமா அன்றைக்குக் கொல்லிப் பண்ணில் ஒரு பதிகம் பாடினார். அவர் குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் மன்றத்தில் எப்போதாவது நடக்கிற ஒன்று அன்று நடந்தது. மின்விசிறிச் சத்தத்தைத் தவிர மற்ற எல்லாம் நின்றுபோயிற்று. பதிகத்தின் கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பை முடித்து, 'திருச்சிற்றம்பலம்' சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் கைதட்டல். அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. சொன்னாரா என்பதே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்.

"ஏன் பாப்பா, நான் இன்னிக்கு யாருக்குப் பாடினேன்?"

"எங்களுக்குத்தான் மாமா."

"அதான் எனக்கும் தோணுது. அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

நான் கல்லூரிப் பெண். சாமி எங்கும் இருக்கிறார், எங்கே பாடினால் என்ன என்று ஏதோ சொன்னேன். அவர் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. எங்கும் இருக்கிறார் என்பது சரி, அப்படியானால் சம்பந்தர் ஏன் ஊர் ஊராக நடந்தார் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். 'எங்கும் இருக்கிறார்' என்பது பதில் சொல்ல விரும்பாதவர்கள் சொல்லும் பதில். ஒவ்வொரு பதிகத்துக்கும் ஓர் ஊர் உண்டு. அந்த ஊரின் வயலும் கடலும் குரங்கும் மயிலும் பாட்டுக்குள் இருக்கும். வேறு எந்த ஊருக்கும் பொருந்தாதபடி பாடப்பட்டவை அவை. அந்தப் பாட்டைப் பிடுங்கி வந்து பாரிமுனையில் மேடை போட்டுப் பாடி, சீட்டு விற்று, இடைவேளையில் காபி குடித்தால், அது இன்னமும் வழிபாடாக இருக்கிறதா, அல்லது நல்ல பாட்டு மட்டும்தானா? இதுதான் மாமாவின் கேள்வி. பல வருஷங்கள் தபால் முத்திரைகளுக்கு நடுவே அதை யோசித்திருக்கிறேன்.

முதலில் காசு விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் அது சுலபம். காசு வாங்கிப் பாடினால் பக்தி கெட்டுவிடும் என்பவர்கள் பெரிய புராணத்தைச் சரியாகப் படிக்கவில்லை. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் பீடத்தில் ஒவ்வொரு பொற்காசு வைத்தவர் சிவனேதான். அதிலும் ஒரு கணக்கு இருந்தது. உழவாரம் பிடித்துத் திருப்பணி செய்த அப்பருக்குக் கிடைத்த காசு நல்ல காசு. பாட்டு மட்டும் பாடிய சம்பந்தருக்குக் கிடைத்ததோ கடைக்காரன் வட்டம் பிடிக்கிற காசு. அதனால் சம்பந்தர் வீட்டில் சோறு பரிமாறத் தாமதமாயிற்று. அவரும் சும்மா இருக்கவில்லை, வட்டம் பிடிக்காத காசு கொடு என்று இன்னொரு பதிகம் பாடி நல்ல காசு வாங்கினார். இதைவிட வெளிப்படையான சம்பளப் பேச்சு எந்த சபாவிலும் நடந்திருக்காது. தஞ்சைப் பெரிய கோயிலில் தேவாரம் பாட ராஜராஜன் வைத்த 48 பிடாரர்கள், ஓர் உடுக்கைக்காரர், ஒரு கொட்டி மத்தளக்காரர் ஆகியோருக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. பிடாரர் பெயரும் நெல் அளவும் இருக்கிற கல்வெட்டை யாரும் பக்திக் குறைவு என்று சொல்வதில்லை. மாமாவின் கோயிலில் அவருக்கு வந்த சம்பளத்தோடு அந்த நெல்லை ஒப்பிட்டுப் பார்த்து நாங்கள் சிரித்ததுண்டு.

மொழிச் சண்டையையும் வேகமாகக் கடக்கிறேன். தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக வந்த காலத்தில், 1941இல் அண்ணாமலை நகரில் மாநாடு கூட்டி, 1943இல் சென்னையில் சங்கம் வைத்து, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய காரியத்தின் கட்டட வடிவம்தான் இந்த மன்றம். அவர் 1948இல் மறைந்தார், கட்டடம் அவர் பெயரில் எழுந்தது. இசைக்கு மொழி முக்கியமா என்று அன்று பெரிய வித்துவான்களெல்லாம் எழுதினார்கள். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட இறைவன், நமக்கு அர்ச்சனை என்பது பாட்டுத்தான், ஆகவே நம்மைத் தமிழால் பாடு என்று சொன்னதாகச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். கேட்பவரே இன்ன மொழி வேண்டும் என்று சொன்ன பிறகு மற்றவர்கள் எதற்கு விவாதித்தார்கள் என்பது எனக்குப் புரிந்ததில்லை.

கஷ்டமானது திசைதான்.

மாமாவோடு இதைப் பேசிப் பேசி, நான் கடைசியில் போய் நின்ற இடம் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதை. விருத்தாசலம் பக்கத்து எருக்கத்தம்புலியூரில் பிறந்த பாணர். இன்று அந்த ஊருக்கு ராஜேந்திரப்பட்டினம் என்று பெயர். மனைவி மதங்கசூளாமணியோடு ஊர் ஊராகப் போய் யாழ் வாசித்தவர். மதுரைக்கு வந்தார். கோயில் வாசலில் நின்று வாசித்தார், உள்ளே போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்குச் சேக்கிழார் விளக்கம் எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை, பாணர் என்ற சொல் போதும். அன்றிரவு சொக்கநாதர் தொண்டர்கள் கனவில் வந்து அவரை உள்ளே அழைத்துவரச் சொல்கிறார். அழைத்துவருகிறார்கள். அவர் தரையில் நின்று யாழ் வாசிக்கும்போது ஆகாயத்தில் ஒரு குரல்: தரையின் ஈரம் பட்டால் யாழின் நரம்பு தளர்ந்துவிடும், இவருக்குப் பொற்பலகை போடுங்கள்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது பொன் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இப்போது எனக்கு வியப்பாக இருப்பது அந்தக் காரணம். பக்தியை மெச்சிக் கொடுத்த பரிசு இல்லை அது. பாணரைப் பெருமைப்படுத்தப் போட்ட ஆசனம் என்றுகூடக் கதை சொல்லவில்லை. நரம்பு தளரும் என்பதற்காக. சுருதி இறங்கிவிடும் என்று கவலைப்பட்டது கடவுள். சன்னிதியில் எல்லாரும் தரையில் நிற்கும்போது, பாட்டுக்காரனுக்கு மட்டும் தரையிலிருந்து உயர்ந்த, ஈரம் ஏறாத, வாத்தியத்துக்கு ஏற்ற ஒரு மேடை. கச்சேரி மேடை என்கிற ஏற்பாட்டுக்கு ஒரு புராணம் வேண்டுமென்றால் அது இதுதான். மரப்பலகை தளம் போட்டு, வெளிச் சத்தத்தைச் சுவரால் தடுத்து, கடைசி வரிசைக்கும் எட்டும்படி கூரையைச் சரித்துக் கட்டுகிறவன் ஒவ்வொருவனும் அந்த அசரீரி சொன்னதைத்தான் செய்கிறான்.

கதை அங்கே முடியவில்லை. பாணர் திருவாரூருக்குப் போகிறார். மறுபடியும் வாசலில் நிற்கிறார். மதுரையில் உள்ளே போய்ப் பொற்பலகை ஏறியவர் ஆரூரில் ஏன் மறுபடி வெளியே நின்றார்? ஓர் ஊரில் கிடைத்தது அடுத்த ஊரில் செல்லாது என்பது நம் நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? தியாகராசர் அவருக்காக வடபுறத்தில் தனியாக ஒரு வாசலை வகுத்துக் கொடுத்தார் என்கிறது புராணம். பெரியவர்கள் இதை இறைவனின் கருணை என்று சொல்வார்கள். எனக்கு அந்தத் தனி வாசல் எப்போதும் நெருடும். இருக்கிற வாசலிலேயே விட்டிருந்தால் என்ன? மதுரை மீனாட்சி கோயிலின் இருக்கிற வாசல் 1939 ஜூலையில்தான் எல்லாருக்கும் திறந்தது, சென்னை மாகாணம் முழுவதற்கும் சட்டம் வந்தது 1947இல். பொற்பலகையிலிருந்து 1939 வரை எத்தனை நூற்றாண்டு!

இந்த இடத்தில்தான் எனக்கு மன்றம் நினைவுக்கு வரும். பெட்டியும் பலாப்பழமுமாக வந்து உட்கார்ந்தவர்களை யாரும் எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்டதில்லை. தேவாரம் கேட்பதற்குக் குளித்துவிட்டு வந்தாயா என்று கேட்டதில்லை. மாதவிலக்கு நாட்களில் எங்கள் வீட்டில் காளிகாம்பாள் கோயில் கிடையாது, ஆனால் மன்றத்துக்குப் போகலாம். அம்மா போவாள். அந்த நாட்களில் அவள் திருத்தாண்டகம் கேட்டது மன்றத்தில் மட்டும்தான். அவளைப் பொறுத்தவரை அது கோயிலைவிடக் குறைந்த இடம், அதனால் விதி இல்லை. குறைந்த இடமாக இருப்பதில் இப்படி ஒரு வசதி உண்டு.

மிகைப்படுத்தக் கூடாது. மன்றத்திலும் முன்வரிசை சோபாக்கள் இருந்தன. அவற்றில் யார் உட்காரலாம் என்பதில் எந்த ஆகமத்துக்கும் குறையாத கண்டிப்பு இருந்தது. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது ஒரு பிரமுகர் நுழைந்தால் முதல் மூன்று வரிசை எழுந்து நிற்கும். பாடுகிறவர் பல்லவியை விட்டுவிட்டு வணக்கம் சொல்வார். பொன்னாடை போர்த்துவதற்கு ஆகும் நேரத்தில் ஒரு பதிகம் பாடி முடிக்கலாம். இதையெல்லாம் வழிபாடு என்று நான் சொல்லவரவில்லை.

மாமாவுக்கு நான் பலகைக் கதையைச் சொன்னதும் அவர் உடனே மடக்கினார். "பலகை போட்டது சரி. பலகை மேல நின்னு அவர் எந்தப் பக்கம் பார்த்தார்? சாமியைத்தானே?" மறுக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக நான் சிவஞான போதத்தைத் தூக்கினேன். மெய்கண்டாரின் 12 சூத்திரங்களில் கடைசிச் சூத்திரம் ஞானம் கைவந்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. அன்பரோடு கூட வேண்டும், அன்பர் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே தொழ வேண்டும். ஆலயம் மட்டும் இல்லை, முதலில் அடியார், அப்புறம்தான் ஆலயம். அப்படியானால் அடியார் பக்கம் திரும்பி உட்கார்ந்து பாடுவதும் சன்னிதியைப் பார்த்துப் பாடுவதே அல்லவா?

மாமா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சோபாவில உட்கார்ந்து வாட்ச் பார்த்தானே, அவன் அடியானா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றும் சுத்தமான பதில் கிடையாது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவன் அடியானா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. கணக்குப்பிள்ளை தூங்கினார், ஆனால் ராகம் அவருக்குள் போய்க்கொண்டிருந்தது. கடவுச்சீட்டு மாதிரி ஒரு அடையாளம் கேட்க ஆரம்பித்தால் நாம் மறுபடியும் பாணரை வாசலில் நிறுத்துகிறவர்களாகிவிடுவோம். மறுபக்கம், யாராக இருந்தாலும் பரவாயில்லை, கைதட்டினால் போதும் என்றால், பாட்டு கைதட்டலுக்காக வளையத் தொடங்கும். வளைந்ததையும் பார்த்திருக்கிறேன். பதிகத்தில் தாளம் இல்லாமல் விருத்தம் போலப் பாட வேண்டியதை மிருதங்கத்தோடு ஓட்டி, கடைசியில் ஒரு பெரிய தீர்மானம் வைத்து, தட்டு தட்டு என்று கேட்டு வாங்குவார்கள்.

யாழ்ப்பாணருக்கே இந்தச் சோதனை வந்திருக்கிறது. காரைக்கால் பக்கத்துத் தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள், நீ யாழில் வாசிப்பதால்தான் சம்பந்தரின் பாட்டுக்கு இவ்வளவு பெயர் என்றார்கள். எந்தக் கலைஞனுக்கும் சொந்தக்காரர்கள் சொல்லக்கூடிய பேச்சு. பாணர் பதறிப்போய் சம்பந்தரிடமே இதைச் சொல்ல, அவர் யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடினார். இன்றைக்கு ஓதுவார்கள் அதை அடாணாவில் பாடுகிறார்கள். வாசிக்க முடியாமல் பாணர் யாழை உடைக்கப் போனார். சம்பந்தர் கையைப் பிடித்துத் தடுத்தார். இந்தக் கதையை வாத்தியத்தைவிடக் குரல் பெரிது என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தடுத்த கைதான் முக்கியம். உடைக்காதே, எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாசி என்று சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். பாட்டின் முழு அளவுக்கும் எந்த யாழும் போதாது, எந்த மன்றமும் போதாது. போதாது என்பதால் இடித்துவிட வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையில் கரையான் அரித்துக் கிடந்ததையும், நம்பியாண்டார் நம்பியும் சோழனும் மீட்டதையும் எல்லாரும் சொல்வார்கள். அதன் அடுத்த பகுதியைக் குறைவாகவே சொல்வார்கள். ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எந்தப் பாட்டுக்கு எந்தப் பண் என்று கோயிலுக்குள் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணிடம்தான் அது இருந்தது. அவள் வந்து முறை வகுத்துக் கொடுத்தாள் என்பது திருமுறை கண்ட வரலாறு. கோயில் பாட்டைப் பூட்டி வைத்துக் கரையானுக்குக் கொடுத்தபோது, வாசலுக்கு வெளியே நின்ற குடும்பம் அதன் இசையைக் காப்பாற்றி வைத்திருந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. மார்கழிதோறும் மன்றத்தில் நடக்கிற பண் ஆராய்ச்சியில் அவள் படத்தை வைத்து விளக்கேற்றலாம், படம்தான் இல்லை.

இதற்குப் பிறகு, கோயிலில் பாடினால் புனிதம், அரங்கில் பாடினால் வெறும் கலை என்று பிரித்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. தண்டபாணி தேசிகர் தேவாரமும் பாடினார், 1942இல் 'நந்தனார்' படத்தில் வாசலில் நின்று உருகவும் செய்தார். எதில் பக்தி அதிகம் என்று யார் அளப்பது? சீர்காழி கோவிந்தராஜன் தமிழ் இசைக் கல்லூரியில் படித்து இசைமணிப் பட்டம் வாங்கியவர். அவர் குரல் எழும்போது மன்றத்தின் கடைசி வரிசையில் தானாகக் கை குவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரில் சாமி இல்லை, அவருடைய விபூதிப் பட்டைதான் இருந்தது.

கோயில் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்வார்கள். மூர்த்தியிலிருக்கும் ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றி, வேறோர் இடத்தில் சின்னதாக எழுந்தருளச் செய்து, வேலை முடிந்து குடமுழுக்கு நடக்கும்வரை பூஜை அங்கே நடக்கும். மன்றத்தில் பழைய நாற்காலிகளையும் விளக்குகளையும் மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டபோது, எங்கள் சாயங்காலங்களுக்கு யாராவது பாலாலயம் செய்தார்களா என்று ஒரு நிமிஷம் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அந்தச் சுவரில் எதையாவது மந்திரம் சொல்லி ஏற்றியிருந்தால்தானே இறக்கி வைக்க? மன்றத்தில் ஏறியிருந்தது ஒன்றும் இல்லை. அங்கே கேட்டவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். கேட்டவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. மீதிப்பேர் நடக்க முடியாமல் மடிப்பாக்கத்திலும் அம்பத்தூரிலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறோம். உயர் நீதிமன்றத்துக்கு இப்போது மெட்ரோ வண்டி போகிறது, முழங்காலுக்கு அது பெரிய உதவி. மார்கழியில் போகிறேன். கப்பல் ஊதுவது கேட்பதில்லை, என் காதும் பழைய காது இல்லை.

மாமா பண் ஆராய்ச்சிக்கு அப்புறமும் பல முறை வந்தார். கேள்வியை அவர் விட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன். எண்பதுகளின் கடைசியில் அவர் கோயிலுக்கு ஓர் அன்பர் மின்சார மேளம் வாங்கிக் கொடுத்தார். விசையைத் தட்டினால் முரசு, சேகண்டி, மணி எல்லாம் சேர்ந்து இடிக்கிற அந்த இயந்திரம். தீபாராதனை தொடங்கினால் ஓட்டிவிடுவார்கள், ஓதுவார் பாடி முடித்த பிறகுதான் நிற்கும். மாமா பாடுவது அவருக்கே கேட்காது. நிர்வாக அதிகாரியிடம் போய், பாட்டு நடக்கும்போது மட்டும் அதை நிறுத்தச் சொன்னார். சாமிக்குக் கேட்காதா ஐயா, உங்களுக்கு யார் கேட்கணும் என்றாராம் அதிகாரி. மாமா சொன்ன பதிலை அத்தை எனக்குச் சொன்னாள்: "மெட்ராசுல ஒரு மன்றத்துல நாலு பேர் கேட்டாங்க. கேட்டா பாட்டு எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. சாமியும் அப்படிக் கேக்கணும்ல?"

அதிகாரி பிரதோஷத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். அன்றைக்குக் கூட்டம் வரும், யாராவது புகார் எழுதிப் போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். மற்ற நாட்களில் மோட்டார் ஓடியது.